மிதிவண்டிக் கைப்பிடி நாடா: தேர்வும் சுற்றும் முறையும்

கைப்பிடி நாடா என்பது சாலைப் பந்தய மிதிவண்டிகளின் வளைந்த கைப்பிடித் தண்டின்மேல் சுற்றப்படும் நீண்ட பட்டை ஆகும். கடைகளிலும் ஓட்டுநர்களிடையேயும் இது 'பார் டேப்' என்று வழங்குகிறது. சாதாரண மிதிவண்டியில் கைப்பிடியின் இரு முனைகளிலும் ரப்பர் பிடிகள் செருகப்பட்டிருக்கும். கை எப்போதும் அந்த ஓரிடத்திலேயே இருக்கும். பந்தய மிதிவண்டியில் அப்படியல்ல. ஓட்டுபவர் சில வேளை நடுவிலுள்ள நேரான மேல்தண்டைப் பிடிப்பார், பெரும்பாலும் பிரேக் லீவரின் ரப்பர் உறைமேல் கை வைத்திருப்பார், எதிர்காற்றிலும் இறக்கத்திலும் கீழ்வளைவைப் பிடித்துக் குனிவார். கை எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் பிடிமானம் வேண்டும் என்பதால்தான் பிடிக்குப் பதில் நாடா வந்தது.

பார்வைக்கு இது ஓர் அலங்காரப் பொருள்போலத் தோன்றும். வாங்குபவர்கள் பலரும் வண்டியின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் மூன்று நான்கு மணி நேரம் உடலின் ஒரு பகுதி எடையை உள்ளங்கை தாங்க, அந்த உள்ளங்கைக்கும் அலுமினியக் குழாய்க்கும் இடையில் இருப்பது இந்த 2 அல்லது 3 மில்லிமீட்டர் பட்டை ஒன்றுதான்.

கையும் நரம்பும்

முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடும் அல்லவா? அது அல்னார் நரம்பு. இந்நரம்பு மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைக்குள் நுழையும் இடத்தில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு குறுகிய வழியினூடே செல்கிறது. 1861இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கீயோனின் பெயரால் இது கீயோன் கால்வாய் எனப்படுகிறது. கைப்பிடியில் சாய்ந்து ஓட்டும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி அழுந்துவதும், மணிக்கட்டு பின்னோக்கி மடங்கியிருப்பதும் சேர்ந்து இந்த வழியை நெருக்குகின்றன. அதன் விளைவாகச் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். சிலருக்கு மரப்பு தெரியாமலேயே விரல்களின் வலு குறையும். சட்டைப் பொத்தான் போடவோ சாவியைத் திருப்பவோ தடுமாறுவார்கள். மருத்துவ நூல்களில் இது 'கைப்பிடி வாதம்' என்ற பொருள்படும் பெயரில் குறிப்பிடப்படுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் அழுந்துவது வேறொரு நரம்பு, அதாவது மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு. எந்த விரல் மரக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்வது மருத்துவரிடம் சொல்லவும் உதவும். வண்டியை விட்டு இறங்கிச் சிறிது நேரத்தில் மரப்பு நீங்கிவிட்டால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. நாள்கணக்கில் நீடித்தாலோ, விரலில் வலு குறைந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தடித்த நாடா போட்டால் இது சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. என்னிடம் படித்த ஒருவர், இப்போது ஐம்பதை நெருங்குகிறவர், ஞாயிறு தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வருபவர். "சார், ரெண்டு தடவை டேப்பை மாத்திட்டேன், சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் போகுது" என்றார். வண்டியைப் பார்த்தபோது இருக்கையின் மூக்கு நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. உட்கார்ந்தவர் முன்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கிறார். சறுக்காமலிருக்கக் கையை ஊன்றுகிறார். எடை முழுவதும் உள்ளங்கைக்குப் போகிறது. இருக்கையைக் கிடைமட்டமாக்கிய பிறகு தொல்லை படிப்படியாகக் குறைந்தது. நாடா அப்படியேதான் இருந்தது.

ஆகவே வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. இருக்கை மட்டமாக இருக்கிறதா, கைப்பிடி மிகத் தாழ்வாகவோ தொலைவாகவோ இருக்கிறதா, டயரில் காற்று அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலையின் அதிர்வை உறிஞ்சுவதில் டயருக்கு உள்ள பங்கு நாடாவுக்கு இல்லை. 23 மில்லிமீட்டர் டயரிலிருந்து, சட்டகம் இடங்கொடுத்தால், 28 மில்லிமீட்டர் டயருக்கு மாறிக் காற்றைச் சற்றுக் குறைப்பது எந்த விலையுயர்ந்த நாடாவைவிடவும் கைக்கு இதமளிக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் நாடாவின் தடிமனைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

தடிமன்

கடையில் கிடைக்கும் நாடாக்கள் பெரும்பாலும் 1.8 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டவை. அமெரிக்காவின் லிசர்டு ஸ்கின்ஸ் நிறுவனம் ஒரே நாடாவை 1.8, 2.5, 3.2 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் தருகிறது. இந்தச் சிறு வேறுபாடு கைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வளைகைப்பிடித் தண்டின் வெளிவிட்டம் பொதுவாக 23.8 மில்லிமீட்டர்; சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். 2.5 மில்லிமீட்டர் நாடாவை ஓர் அடுக்காகச் சுற்றினாலே விட்டம் 28.8 ஆகிறது; சுற்றளவு 90 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறும் இடங்களில் இன்னும் கூடும். சிறிய கை உடையவர்களுக்கு, குறிப்பாகப் பல பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும், இது பிடிக்க முடியாத பருமனாகிவிடுகிறது. பிடி போதாதபோது கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் முன்கை களைத்துப்போகும். எதற்காகத் தடித்த நாடா வாங்கினோமோ அது வீணாகும். மிகவும் மெத்தென்ற நாடாவும் அப்படித்தான். விரலால் அழுத்தும்போது பஞ்சுபோல் இருப்பது, உடல் எடை ஏறியதும் தட்டையாகிவிடும்.

மாறாக, பிரான்சில் 1896 முதல் நடந்துவரும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கற்கள் பாவிய பழைய சாலைகள் பல கிலோமீட்டருக்கு வருகின்றன. அங்கே சில வீரர்கள் இரண்டு அடுக்கு நாடா சுற்றிக்கொள்கிறார்கள். அது அந்தக் கற்களுக்கான ஏற்பாடு. தார்ச்சாலையில் ஓட்டும் நமக்கு அது தேவையில்லை. நடுத்தரக் கை உடையவர் முதன்முறை வாங்குவதானால் 2.5 மில்லிமீட்டரை எடுக்கலாம் என்பது என் கருத்து.

பொருள்

பழைய பந்தய வண்டிகளில் இருந்தது பருத்தித் துணி நாடா. பிரான்சின் வெலாக்ஸ் நிறுவன நாடா இதில் பெயர்பெற்றது. அதிர்வைத் தாங்காது, ஆனால் வியர்வையில் வழுக்காது, பல்லாண்டு உழைக்கும். துணி அழுக்காகாமலும் நனையாமலும் இருக்க, அதன்மேல் செல்லாக்கைச் சாராயத்தில் கரைத்துத் தூரிகையால் பூசுவார்கள். செல்லாக் வேறொன்றுமில்லை, நம் அரக்குதான். ஜார்க்கண்டு மாநிலக் காடுகளில் குசும், பலாசு (புரசு) மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். ஐரோப்பியப் பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் இதைப் பூசுகிறார்கள்.

1970களிலும் 80களிலும் பெனாட்டோவின் பளபளப்பான பிளாஸ்டிக் நாடா நாகரிகமாக இருந்தது. அழகுக்கு மட்டுமே அது. பிறகு இத்தாலியின் சினெல்லி நிறுவனம் பரப்பிய 'கார்க்' நாடா வந்தது. பெயர் தக்கையைக் குறித்தாலும் இது முழுத் தக்கை அன்று, இ.வி.ஏ. என்னும் செயற்கை நுரையில் தக்கைத் துகள்களைக் கலந்து செய்வது. வியர்வையை ஓரளவு உறிஞ்சும், மலிவு, கைக்கு இதம். இழுத்துச் சுற்றினால் பட்டென்று அறுந்துவிடும் என்பது அதன் குறை. இன்று பரவலாக உள்ளது பாலியூரித்தேன் நாடா. மேற்பரப்பு சற்று ஒட்டும் தன்மையுடன் இருப்பதால் ஈரத்திலும் பிடி நழுவாது. வெள்ளை, வெளிர் நிறங்களில் அழுக்கு விரைவில் ஏறும். ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். தோல் நாடாக்களும் உண்டு; இங்கிலாந்தின் புரூக்ஸ் செய்வது புகழ்பெற்றது. விலை அதிகம். கடற்கரை ஈரக்காற்றிலும் வியர்வையிலும் தோலைப் பேணுவது எளிதன்று.

கை அதிகம் வியர்ப்பவர்கள் மென்மையைவிட மேற்பரப்புக்கே முதலிடம் தர வேண்டும். துளைகளோ வரிகளோ கொண்ட பாலியூரித்தேன் நாடா நல்லது. முடிந்தால் கடையில் மாதிரியை ஈரக்கையால் தொட்டுப் பாருங்கள்.

நாடாவின் பின்புறமும் கவனிக்கத்தக்கது. பசை உள்ளது இடம் மாறாது. ஆனால் பிரித்துச் சுற்ற முயன்றால் கிழியும். சிலிக்கோன் பட்டை உள்ளதைப் பலமுறை பிரித்துச் சுற்றலாம். முதன்முறை தாமே சுற்றப்போகிறவர்கள் இரண்டாவதையே வாங்கலாம்.

நீளம் போதுமா?

பொதுவாக ஒரு பக்கத்துக்கு 2 மீட்டர் அளவில், 3 சென்டிமீட்டர் அகலத்தில் நாடா வரும். இது போதுமா என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே அறியலாம். ஒரு பக்கம் சுற்ற வேண்டிய தண்டின் நீளம் 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முந்தைய சுற்றின்மேல் ஏறினால், ஒவ்வொரு சுற்றும் 2 சென்டிமீட்டர் முன்னேறும். ஆக 25 சுற்றுகள். ஒரு சுற்றை விரித்துப் பார்த்தால் அது ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம்: ஒரு பக்கம் சுற்றளவான 7.5, மறு பக்கம் 2. பித்தாகரசு தேற்றப்படி கர்ணம் சுமார் 7.76 சென்டிமீட்டர். 25 சுற்றுக்கு 1.94 மீட்டர். போதும். அகலத்தில் பாதி ஏறும்படி சுற்றினால் 33 சுற்றுக்கு மேல் வேண்டும், நீளம் 2.55 மீட்டர் ஆகிவிடும். நாடா சற்று இழுபடும் என்றாலும் அவ்வளவு இழுபடாது. பாதி வழியில் நாடா தீர்ந்து, பிரித்து மீண்டும் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். முனைகள் வெளிப்புறம் விரிந்த அகலக் கைப்பிடி உள்ளவர்கள் வாங்கும்போதே நீளமான நாடாவாகக் கேட்க வேண்டும்.

சுற்றும் திசை

கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுவதே இன்று வழக்கம். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளலாம். இறவாரத்தில் தொடங்கி மேலே ஏறி வேய்ந்தால்தான் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்து நீர் வழிந்தோடும். நாடாவிலும் அப்படியே, மேலிருந்து கீழே சறுக்கும் கை ஓரங்களில் சிக்காது, ஓரம் சுருளாது. மேலிருந்து தொடங்கினால் முடிவு கைப்பிடிக் குழாய்க்குள் மறைந்து அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஓரங்கள் விரைவில் சுருண்டுவிடும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் மெக்கானிக்குகளிடையே ஓயாத வாதம் உண்டு. கீழ்வளைவைப் பிடிக்கும்போது கை வெளிப்புறமாகத் திருகுகிறது. மேல்தண்டைப் பிடிக்கும்போது ஓட்டுபவரை நோக்கித் திருகுகிறது. கை திருகும் திசையிலேயே நாடா சுற்றப்பட்டிருந்தால் அது மேலும் இறுகும். எதிர்த்திசை என்றால் நாளடைவில் தளரும். ஓட்டுபவர் பார்வையில் வலக் கைப்பிடியில் கடிகாரத் திசையில், இடக் கைப்பிடியில் எதிர்த்திசையில் தொடங்கினால் கீழ்வளைவு இறுகும். ஆனால் அதே சுற்று வளைந்து மேல்தண்டுக்கு வரும்போது முன்னோக்கிப் போகிறது, அங்கே தளர்கிறது. உட்புறமாகத் தொடங்கினால் நேர்மாறு. இரண்டும் வேண்டுமானால் பிரேக் லீவரைச் சுற்றி 8 என்ற எண்ணின் வடிவில் ஒருமுறை சுற்றித் திசையை மாற்றிவிட வேண்டும். பழகினால் கடினமில்லை. கீழ்வளைவை அரிதாகவே பிடிக்கும் புதியவர்கள் உட்புறமாகத் தொடங்கித் திசை மாற்றாமலே முடித்துவிடலாம். ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக் கம்பிமேல் சுற்றிப் பார்த்தால் இது படிப்பதைவிட எளிதாக விளங்கும்.

இழுவிசை சீராக இருக்க வேண்டும். வளைவின் உட்புறம் நாடா நெருங்கியும் வெளிப்புறம் விலகியும் விழும். வெளிப்புறத்தில் தண்டு தெரியாதபடி பார்த்துக்கொண்டால் போதும். முடிவில் நாடாவைச் சாய்வாகக் கத்தரித்து, மின்வேலைக்காரர் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டலாம். கத்தரிக்கோலையே பயன்படுத்துங்கள். தண்டின்மேல் வைத்துப் பிளேடால் அறுத்தால் கீறல் விழும். கார்பன் தண்டில் அந்தக் கீறலே பின்னர் முறிவாகலாம்.

முனை அடைப்பான்

நாடாவுடன் இரண்டு சிறு அடைப்பான்கள் வரும். நாடாவின் தொடக்கத்தைக் குழாய்க்குள் மடித்து இதை அழுத்திச் செருக வேண்டும். தொலைந்துபோனால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். திறந்த குழாய் முனை வட்டக் கத்திக்குச் சமம். விழும்போது வயிற்றிலோ தொடையிலோ பட்டால் ஆழமாக வெட்டும். குழந்தைகளின் மிதிவண்டிகளில் ரப்பர் பிடி தேய்ந்து குழாய் வெளியே தெரிவதும் இதே ஆபத்துத்தான். பல பந்தய விதிகளில் முனை அடைக்காத வண்டிக்கு அனுமதி இல்லை. அடைப்பான் கிடைக்கும்வரை, பாட்டில் தக்கை ஒன்றைச் செதுக்கியாவது செருகிவிடுங்கள்.

எப்போது மாற்றுவது

கிழிந்தாலும், பளபளத்து வழுக்கினாலும் மாற்ற வேண்டும். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பிரிப்பது நல்லது. காரணம் நாடா அன்று, அதன் அடியில் உள்ள உலோகம். வியர்வையின் உப்பு நாடா வழியே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். வெண்பொடி படிந்து, அதன் கீழே சிறு குழிகள் விழும். பிரேக் லீவரின் பட்டை இறுகும் இடத்தில் இது அதிகம். வீட்டுக்குள் நிலைநிறுத்திய வண்டியில் காற்றோட்டமின்றிப் பயிற்சி செய்பவர்களின் கைப்பிடி இன்னும் விரைவாக அரிபடுகிறது. வெண்பொடியை மட்டும் துடைத்தால் போகிறது என்றால் சுத்தம் செய்து, உலர்த்தி, புது நாடா சுற்றலாம். நகத்தால் தடவும்போது குழி தட்டினாலோ, மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலோ அந்தக் கைப்பிடியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. விழுந்து எழுந்த பிறகும் நாடாவைப் பிரித்து ஒருமுறை பார்க்க வேண்டும். விரிசல் வெளியே தெரியாது.