புல்லுக்குள் ஒரு பாம்பு நாக்கு!

இங்கிலாந்தின் பழைய புல்வெளிகளில் ஒரு விந்தையான செடி வளர்கிறது.

அதற்கு ஒரே ஓர் இலைதான்! இலையின் அடியிலிருந்து ஈர்க்குச்சி போல ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்கு, பாம்பு நாக்கை நீட்டுவது போல் இருக்கும். அதனால் "விரியன் நாக்கு" என்று அந்நாட்டு மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட இராது. வசந்த காலத்தில் தலை காட்டும். கோடை முடிவதற்குள் வாடி மறைந்துவிடும். புல்லோடு புல்லாக நிற்பதால், பக்கத்தில் நடப்பவர் கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

பாம்பு நாக்கு போல இருக்கிறதே, பாம்புக்கடிக்கு மருந்தாகும் என்று முன்காலத்தில் நம்பினார்கள். அது வெறும் நம்பிக்கைதான்!

காளான் ஊட்டும் சோறு

இது பெரணி இனத்துச் செடி. பூக்காது, காய்க்காது. கதிரின் இருபுறமும் மணி கோத்தது போல் சிறு பைகள் இருக்கும். அவை வெடித்ததும் மாவு போன்ற தூள் பறக்கும். விதைக்குப் பதில் அந்தத் தூள்தான்.

தூள் மண்ணுக்குள் இறங்கி முளைக்கும். உடனே இலை விடாது. சில ஆண்டுகள் இருட்டிலேயே கிடக்கும். வெயில் படாத முளை உணவு தயாரிப்பது எப்படி? மண்ணில் உள்ள காளான் இனம் ஒன்றுதான் அதற்குச் சோறு ஊட்டுகிறது!

மண்ணைப் புரட்டினால் இந்த உறவு அறுந்துபோகும். ஆகவே, புல்வெளியில் இந்தச் செடி நின்றால், அங்கே வெகுகாலமாக ஏர் படவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

உழுதது யார்?

1939-ல் உலகப் போர் மூண்டது. தானியம் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. மக்களுக்கு ரொட்டி வேண்டுமே! புல்வெளிகளை உழுது பயிரிட்டார்கள். அதில் குற்றம் இல்லை.

ஆனால் போர் முடிந்தும் கலப்பை நிற்கவில்லை. ரசாயன உரமும் சேர்ந்துகொண்டது. 1930-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பழைய புல்வெளிகளில், 1984-க்குள் நூற்றுக்கு 97 பங்கு அழிந்துவிட்டது!

மிஞ்சியவற்றில் பலவற்றை இப்போது காத்து வருகிறார்கள். அங்கே உழுவதில்லை. செடிகள் வித்து உதிர்க்க அவகாசம் கொடுத்து, ஜூலை வாக்கில்தான் புல் அறுக்கிறார்கள்.

2013-ல், எலிசபெத் ராணி முடிசூடிய 60-வது ஆண்டையொட்டி, அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பழைய புல்வெளியிலிருந்து விதை எடுத்துப் புதுப் புல்வெளிகள் உண்டாக்குவதே அந்தத் திட்டம்.

புதியதை உண்டாக்கவும் பழையது ஒன்று பிழைத்திருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது, இந்த ஒற்றை இலை!