கோலுக்கு முன்னால் ஓர் உடம்பு

ஐஸ் ஹாக்கியில் வட்டு எதிராளியிடம் இருக்கும்போது தோளால் இடித்து அவரை நிலைகுலைய வைக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் அதற்கு விதியே இடம் தருகிறது. நம்மூர் ஹாக்கியில் அப்படி இடித்தால் நடுவர் விசில் ஊதிவிடுவார். அப்படியானால் இங்கே கோலைக் காக்க உடம்பு தேவையில்லையா? தற்காக்கும் அணியின் குற்றத்துக்காக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கோவையில் ஆடினாலும் பாரிஸில் ஆடினாலும் கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கோலுக்கு முன்னுள்ள 'டி' வடிவக் கட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது சுமார் 14.6 மீட்டர் தூரத்திலிருந்து, பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டும் டிராக் ஃப்ளிக் வருகிறது. பந்தின் எடை கிட்டத்தட்ட 160 கிராம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை விநாடிக்குள் கோலில் இருக்கும். கண் பார்த்துக் கை அசையவே அதில் ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். கோல்கீப்பர் ஒருவரே முழு கோலையும் அடைத்துவிட முடியாது.

அதனால்தான் கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தை நோக்கிப் பாய்கிறார். அவரை முதல் ரஷ்ஷர் என்பார்கள். விளக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சுவரில் நிழல் பெரிதாகுமே, அதே கணக்குதான். பந்துக்கு ஐந்து மீட்டர் அருகில் அவர் வந்துவிட்டால், அரை மீட்டர் அகல உடம்பு கோலில் சுமார் ஒன்றரை மீட்டரை மறைத்துவிடும். மட்டையை நீட்டினால் இன்னும் கூடும். ஆனால் நேர்நடுவில் ஓடினால் அந்த நிழல் கோல்கீப்பரின் கண்ணிலேயே விழும். ஐஸ் ஹாக்கியில் எதிரணியினர் கோல் முன்னால் நின்று திட்டமிட்டுச் செய்வதும் இந்த மறைப்பைத்தான். எனவே ரஷ்ஷர் ஒரு பக்கத்தை அடைப்பார், மறுபக்கம் கோல்கீப்பருக்கு. எந்தப் பக்கம் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள்.

மட்டையால் ஆட முயலாமல் வெறுமனே உடம்பைக் கொண்டுபோய்க் குறுக்கே விட்டால் குற்றம். மறுபடி பெனால்டி கார்னர்தான். ஐந்து மீட்டருக்குள் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டாலும் அதே தண்டனை. முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அடி ஆபத்தானதாகக் கருதப்பட்டு, தற்காக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட் கிடைக்கும்.

இந்தியாவின் முதல் ரஷ்ஷராக ஓடியவர் ஒடிசாவின் அமித் ரோஹிதாஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என நிறுத்தி, ஷூட்அவுட்டில் வென்றது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் மலைபோல் நின்றார். சிவப்பு அட்டையால் வந்த தடையால் ரோஹிதாஸ் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் இல்லை. ஜெர்மனியின் முதல் கோலை பெய்லட் பெனால்டி கார்னரில்தான் அடித்தார்; இந்தியா 2-3 எனத் தோற்றது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்தக் கோல் தடுக்கப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தின் அருமை அன்று தெரிந்தது.

இடிப்பதற்காக அல்ல, சரியான இடத்துக்குச் சரியான நொடியில் போய்ச் சேர்வதற்காகத்தான் ஹாக்கியில் உடம்பு வேண்டும் என்பது என் முடிவு. கொங்குப் பகுதிப் பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகக் கவசம், கையுறை, முழங்கால் கவசம், வயிற்றுக் கவசம் இவை இல்லாமல் எந்தப் பிள்ளையையும் பெனால்டி கார்னருக்கு ஓட விடாதீர்கள்.