வேலையை மாற்றிப் போலீசில் சேரலாமா?

வயதும் வேண்டும், ஓட்டமும் வேண்டும், வீட்டார் சம்மதமும் வேண்டும்!

பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரம். தாயார் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு இருக்கிறார். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து இருக்கிறார். மகன் வேலை முடிந்து வருகிறான். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். ஒரு பட்டறையில் வேலை. வயது 25.

"அப்பா, நான் போலீசில் சேரலாம்னு பாக்கேன்" என்கிறான்.

"ஏலே, கையில இருக்கிற வேலையை விட்டுட்டா?" என்கிறார் தகப்பனார்.

"நேரத்துக்குச் சோறு கிடைக்குமாய்யா?" என்று கேட்கிறார் தாயார்.

மகனின் ஆசை நல்ல ஆசை. பெற்றோர் கேட்டதும் நியாயமான கேள்விகள். இப்படிப் பேச்சு நடக்கும் வீடுகள் பல உண்டு. ஆசையையும் கேள்விகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்போம்.

யார் எடுக்கிறார்கள்?

பேட்டை, திருநெல்வேலி மாநகரத்தில் அடங்கியது. 1997-ம் ஆண்டில் இந்த நகரத்துக்கு என்று தனிப் போலீஸ் கமிஷனர் ஏற்பட்டார். நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்களை மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு கவனிக்கிறார்.

ஆனால், கமிஷனர் ஆபீசில் மனுக் கொடுத்தால் வேலை கிடைத்துவிடாது. ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இது 1991-ல் அமைக்கப்பட்டது. வாரியம் அறிவிப்பு வெளியிடும். அப்போதுதான் மனுச் செய்யலாம். "பணம் கொடு, வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணமும் போகும், மானமும் போகும்!

வயது காத்திருக்காது

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாவது தேறினால் போதும். 18 வயது முடிந்து இருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 26 வயது வரை இடம் உண்டு. பிற்பட்ட, மிகவும் பிற்பட்ட வகுப்பாருக்கு 28. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31.

சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பட்டம் வேண்டும். அதற்கு வயது வரம்பு 20 முதல் 30 வரை. பிற்பட்டோருக்கு 32, ஆதிதிராவிடருக்கு 35.

நம் பட்டறை வாலிபன் பிற்பட்ட வகுப்பு என்றால், அவனுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று இருந்தவர்களுக்கு அடுத்த தடவை வயது தாண்டிவிடும்!

ஏழு நிமிஷம்

அண்மை ஆண்டுகளின் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. இதில் நூற்றுக்கு நாற்பது வாங்கவேண்டும். பிறகு பொது அறிவுத் தேர்வு.

ஆண்களுக்கு 170 சென்டி மீட்டர் உயரம் வேண்டும். ஆதிதிராவிடருக்கு 167. பெண்களுக்கு 159, ஆதிதிராவிடப் பெண்களுக்கு 157. ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். கயிறும் ஏற வேண்டும். பெண்கள் 400 மீட்டர் தூரத்தை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும்.

பட்டறையில் இரும்பு தூக்கும் கைக்குப் பலம் இருக்கும். ஆனால் ஓட்டம் வேறு! நாலைந்து மாதமாவது காலையில் ஓடிப் பழக வேண்டும். வேலைக்குப் போவதற்கு முன்பே ஓடிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அடிதடி வழக்கு எதிலும் சிக்கக் கூடாது. "போதிய சாட்சியம் இல்லை, சந்தேகத்தின் பலனைத் தருகிறோம்" என்று கோர்ட்டு விடுதலை செய்தாலும், போலீஸ் வேலைக்கு அது தடையாக நிற்கும். தெருச் சண்டையில் ஒரு நாள் கை ஓங்கியதற்கு ஆயுள் முழுவதும் வருந்த நேரிடும்.

விடுதியில் இருந்து போலீசுக்கு

வேலையை மாற்றிப் போலீசில் சேர்ந்தவர்களில் ஒருவர் பிரித்திகா யாஷினி. சேலத்துக்காரர். கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் பெற்றவர். சென்னையில் பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளராக வேலை பார்த்தார். இவர் ஒரு திருநங்கை.

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு மனுப் போட்டார். மனுவில் ஆண், பெண் என்று இரண்டே பிரிவு! அதனால் தள்ளிவிட்டார்கள். அவர் ஓய்ந்துவிடவில்லை. ஐகோர்ட்டுக்குப் போனார். ஓட்டப் போட்டியில் ஒரு நொடி அளவே பிந்தினார். அதை ஒரு குறையாக ஐகோர்ட்டு கொள்ளவில்லை. 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராக வேலை ஏற்றார். நாட்டிலேயே முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர் அவர்தான்!

சேர்ந்த உடனே சொந்த ஊரா?

"போலீஸ் ஆனால் பேட்டை ஸ்டேஷனிலேயே இருக்கலாம்" என்று நினைப்பது தவறு. பயிற்சி முடிந்ததும் ஆயுதப்படைக்கோ, சிறப்புக் காவல் படைக்கோ அனுப்புவார்கள். சிறப்புக் காவல் படையின் முகாம் ஒன்று நம் மணிமுத்தாறிலும் இருக்கிறது. ஆனால், தேர்தல், கலவரம் என்றால் எந்த ஊருக்கும் போக வேண்டும். ஸ்டேஷன் வேலை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. படிகள் தனி. மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம்.

ஆனால் நேரம் நிச்சயம் இல்லை! ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடும். ஊரே தேரைப் பார்க்கும். போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தர 2021-ல் அரசு உத்தரவிட்டது. பந்தோபஸ்து வந்தால் அந்த ஓய்வும் தள்ளிப்போகும். தாயார் கேட்டாரே, "நேரத்துக்குச் சோறு கிடைக்குமா" என்று? பல நாள் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

என்ன செய்யலாம்?

தகப்பனாரின் கேள்விக்கும் பதில் உண்டு. மனுப் போடுவதற்கு இப்போது உள்ள வேலையை விட வேண்டியது இல்லை. படிப்பதற்கும் ஓடுவதற்கும் விட வேண்டியது இல்லை. வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு முதலாளியிடம் சொல்லிக்கொண்டால் போதும். தேர்வில் தவறினாலும் கைத்தொழில் காப்பாற்றும்.

போலீசில் சேருவது மகன் மட்டும் அல்ல. இராத்திரி கதவைத் திறக்கும் தாயாரும் சேருகிறார். நாளை வரப்போகும் மனைவியும் சேருகிறாள். அதனால் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

பேசி முடித்த பிறகு நம் பேட்டைத் தகப்பனார் என்ன சொல்லுவார்?

"சரி, வேலையை விடாதே. காலையில அஞ்சு மணிக்கு நான் எழுப்பி விடுதேன். ஓடு!"