இருட்டுக் காட்டில் தனியே ஒரு சிறுவன்!

பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் குலை நடுங்க வைக்கும் "லிம்போ" விளையாட்டு

கும்மிருட்டு. அடர்ந்த காடு. எங்கும் பனி மூட்டம்.

புல் தரையில் ஒரு சிறுவன் மல்லாந்து கிடக்கிறான். உயிர் இருக்கிறதா, இல்லையா? தெரியவில்லை.

நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். இருட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் பளிச்சிடுகின்றன. அவை அவனுடைய கண்கள்! மெல்ல எழுந்து உட்காருகிறான். பிறகு நிற்கிறான்.

அவன் யார்? பெயர் கிடையாது. ஊர் கிடையாது. எப்படி அங்கே வந்தான்? யாரும் சொல்லவில்லை. இனி அவனைப் பத்திரமாக அழைத்துக்கொண்டு போக வேண்டியது உங்கள் பொறுப்பு.

இது சினிமாக் கதை அல்ல. "லிம்போ" என்ற பெயர் கொண்ட ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் தொடக்கம். 2010-ம் ஆண்டு ஜூலை மாதம் இது வெளிவந்தது. முதலில் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியில் மட்டும் ஆடலாம். 2011-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. பிறகு செல்போனுக்கும் வந்துவிட்டது. மூன்று, நான்கு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். ஆனால் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அந்தச் சிலந்தி!" என்று இன்றைக்கும் தோளைக் குலுக்குகிறார்கள்.

அங்கும் இல்லை, இங்கும் இல்லை

"லிம்போ" என்றால் என்ன? லத்தீன் மொழியில் விளிம்பு என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. சொர்க்கத்துக்கும் போகாமல், நரக வேதனையும் படாமல் சில ஆத்மாக்கள் தங்கும் இடம் அது என்று ஐரோப்பாவின் பழைய கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகள் அங்கே போவதாகச் சொல்வார்கள். நம் ஊரில் திரிசங்கு சொர்க்கம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

சிறுவன் எதற்காக அங்கே போகிறான்? தன் உடன்பிறந்தவளைத் தேடிப் போகிறான். அக்காவா, தங்கையா? அதைக்கூடச் சொல்லவில்லை! விளையாட்டை விற்கும்போது எழுதிய ஒரு வரி விளம்பரத்தில்தான் "சகோதரி" என்ற சொல் வருகிறது. விளையாட்டுக்குள்ளே ஒரு வார்த்தை பேச்சு இல்லை. கதை சொல்லும் எழுத்து ஒரு வரிகூட இல்லை.

சிலந்திக்குப் பயந்தவர் செய்த சிலந்தி

இதைச் செய்தவர்கள் ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் டென்மார்க் நாட்டுக்காரர்கள். தலைநகர் கோபன்ஹேகனில் "பிளேடெட்" என்று ஒரு சிறிய கம்பெனி. "செத்தவன் போலக் கிட" என்று அதற்கு அர்த்தம். பெயரே எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா!

பெரிய கம்பெனிகள் ஒரு விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஆட்களை வேலைக்கு வைக்கும். இங்கே நிரந்தரமாக இருந்தவர்கள் 8 பேர். வேலை அதிகமான நாட்களில் வெளி ஆட்களையும் சேர்த்து 16 பேர் ஆனார்கள்.

இவர்களுக்குத் தலைவர் ஆர்ன்ட் யென்சன் என்ற ஓவியர். 2004-ம் ஆண்டு வாக்கில் அவர் மனம் போன போக்கில் ஒரு படம் கிறுக்கினார். யாருக்கும் தெரியாத ரகசிய இடம் ஒன்றின் படம். அதுவே இந்த விளையாட்டுக்கு விதை. முதலில் தனி ஆளாகவே கம்ப்யூட்டரில் செய்து பார்த்தார். முடியவில்லை. 2006-ல், தம் மனத்தில் இருந்ததை ஒரு சிறு படமாக்கி இன்டர்நெட்டில் போட்டார். பிறகு டினோ பாட்டி என்பவருடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்.

யென்சன் சிறு வயதில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். அந்தப் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்த காடுதான் விளையாட்டில் வரும் காடு. அவருக்குச் சிலந்தி என்றால் கிலி. அந்தக் கிலிதான் விளையாட்டில் மரத்தளவு உயர்ந்து நிற்கிறது!

இசையை நிறுத்தினார், பயம் கூடியது

திரையில் நிறமே கிடையாது. எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். பழைய சினிமாப் படச் சுருள் ஓடுவது போலத் திரை லேசாக மினுங்குகிறது. முன்னால் நிற்கும் மரமும் நிழல். சிறுவனும் நிழல். எது கல், எது பொறி என்று சட்டென்று தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேய்ப் படம் என்றால் என்ன செய்வார்கள்? கதவு திறக்குமுன் பிடிலை இழுத்து, "இதோ வருகிறது, பயப்படு" என்று நமக்குச் சொல்லிவிடுவார்கள். இந்த விளையாட்டுக்கு ஒலி அமைத்த மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் அந்த வழக்கமான இசையை வெட்டிவிட்டார். நமக்குக் கேட்பது சிறுவனின் காலடி. காய்ந்த இலை நொறுங்கும் ஓசை. தூரத்தில் ஏதோ ஓர் இரைச்சல். எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லாததால், ஆடுகிறவர் எப்போதுமே பயந்துகொண்டிருக்கிறார். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு ராத்திரியில் ஆடினால், வீட்டுப் பூனை அலமாரியிலிருந்து குதித்தாலும் தூக்கிவாரிப் போடும்.

செத்துச் செத்துப் படிக்கும் பாடம்

சிறுவனிடம் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. நடக்கலாம், குதிக்கலாம், ஒரு பொருளைப் பிடித்துத் தள்ளலாம் அல்லது இழுக்கலாம். அவ்வளவே. ஆழமான தண்ணீரில் விழுந்தால் நீந்தத் தெரியாது. மூழ்கிவிடுவான்.

வழி முழுக்கப் புதிர்கள். எல்லாம் உயிரை வாங்கும் புதிர்கள்!

ஓர் இடத்தில் தலைக்கு மேலே கனமான கட்டை தொங்குகிறது. கீழே சற்று மேடான பலகை. பலகையை மிதித்தீர்களோ, கட்டை விழுந்து சிறுவன் கூழாகிவிடுவான். "ஓகோ, பலகையை மிதிக்கக் கூடாது" என்று தெரிந்துகொண்டு தாண்டிக் குதிக்கிறீர்கள். அடுத்ததாக அதே மாதிரி இன்னொன்று. கெட்டிக்காரத்தனமாகப் பலகையைத் தாண்டித் தரையில் கால் வைக்கிறீர்கள். படீர்! இந்தத் தடவை பலகைதான் பத்திரமான இடம். சுற்றியுள்ள தரைதான் எமன்!

ஆடுகிறவருக்குக் கோபம் வருகிறது. உடனே சிரிப்பும் வருகிறது. நம் மனம் எப்படி நினைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களே!

செத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பத்தடிக்கு முன்னால் மறுபடி எழுந்து நிற்பான். "ஐம்பது தடவை செத்துவிட்டான்" வரை நான் எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை. விளையாட்டை நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஆடி, ஐந்து தடவைக்கு மேல் சாகாமல் முடிப்பவர்களுக்கு ஒரு பட்டம் உண்டு. அப்படியும் சில சூரர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு புதிர் அதைவிடப் பொல்லாதது. மேலிருந்து ஒளிரும் புழு ஒன்று தலையில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. உடனே சிறுவன் தன் வசம் இழந்துவிடுகிறான். ஒரே திசையில் நடந்துகொண்டே இருப்பான். எதிரே பள்ளம் இருந்தாலும் நடப்பான். நீங்கள் என்ன அழுத்தினாலும் திரும்ப மாட்டான். வெளிச்சம் பட்டால் மட்டும் புழு மிரண்டு, அவனை எதிர்ப்பக்கம் திருப்பும். சாவதைவிட இதுதான் அதிகப் பயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

சிலந்தியின் கடைசிக் கால்

இப்போது சிலந்திக்கு வருவோம்.

காட்டில் சிறுவன் நடக்கிறான். ஒரு மரத்தின் பின்னாலிருந்து நீளமான கறுப்புக் கால் ஒன்று மெதுவாக நீள்கிறது. இன்னொரு கால். பக்கத்தில் போனால் ஈட்டி போலப் பாய்ந்து குத்துகிறது. தாண்டவும் முடியாது, சண்டை போடவும் முடியாது.

பின்னால் ஒரு மரக்கிளையில் இரும்புப் பல் வைத்த பொறி மாட்டிக்கொண்டிருக்கிறது. சிலந்தி காலால் தரையில் இடித்த அதிர்ச்சியில் அது கீழே விழுகிறது. அதை இழுத்துப் போய்ச் சிலந்தியின் முன்னால் வைக்க வேண்டும். சிலந்தி குத்துகிறது, பொறி கவ்வுகிறது. கால் துண்டாகிறது. ஆடுகிறவர் கை தட்டுகிறார்.

கதை அத்துடன் முடியவில்லை. பிறகு அது வலையில் சிறுவனைப் பிடித்து, நூலால் பொட்டலமாகச் சுற்றித் தொங்கவிடுகிறது. தப்பித்தால் துரத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அதற்குக் காயம். கடைசியில் ஒரே காலுடன் அசைய முடியாமல் கிடக்கிறது. எதிரே முள் நிறைந்த பள்ளம். குறுக்கே போக வழி இல்லை.

என்ன செய்ய வேண்டும் தெரியுமா? அந்தக் கடைசிக் காலைச் சிறுவன் கையால் பிடித்து இழுத்துப் பிடுங்க வேண்டும். பிறகு உடலைப் பந்து போல உருட்டிப் பள்ளத்தில் தள்ளி, அதன் மேல் மிதித்துத் தாண்ட வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சிலந்தி வரும்போதெல்லாம் "கொல்லுங்கள், கொல்லுங்கள்" என்று கத்தியவன். நான் காலை இழுக்கத் தொடங்கியதும் சத்தத்தைக் காணோம்.

"வேண்டாம் சித்தப்பா. பாவம்" என்றான்.

"வேறு வழி இல்லையேடா!"

"இருக்கும். தேடிப் பாருங்கள்."

தேடினோம். கால் மணி நேரம் தேடினோம். வேறு வழி வைக்கவில்லை. பிடுங்கினேன்.

இந்த விளையாட்டின் உண்மையான திகில் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரை மணி முன்பு சிலந்தி பூதம். சிறுவன் பரிதாபத்துக்கு உரியவன். இப்போது யார் பூதம்? நீரில் மிதக்கும் மற்றப் பிள்ளைகளின் பிணங்களைக்கூட இந்தச் சிறுவன் படிக்கல்லாக மிதித்துக்கொண்டு போகிறான். அந்த வழியை யோசித்துக் கண்டுபிடித்து, "அப்பாடா, புதிர் அவிழ்ந்தது" என்று சந்தோஷப்பட்டது நாம்தான். திரையை அணைத்த பிறகும் அது உள்ளே உறுத்துகிறது.

காட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் நண்பர்கள் அல்ல. ஊதுகுழலில் அம்பு வைத்து ஊதுகிறார்கள். பொய்ச் சிலந்திக் கால் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறார்கள். சிலந்தியைவிட இந்தப் பிள்ளைகள்தான் என்னை அதிகம் கலங்க வைத்தார்கள்.

குறை சொல்கிறவர்கள்

எல்லாரும் புகழவில்லை. வெளிவந்த புதிதில் விலை 15 டாலர். "இவ்வளவு விலைக்கு நான்கு மணி நேரந்தானா?" என்று பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பத்து மணி நேரம் பயந்துகொண்டிருக்க யாரால் முடியும்?

இன்னொரு குறை நியாயமானது. பாதிக்கு மேல் காடு மறைந்துவிடுகிறது. மின்சார எழுத்துகள் எரியும் "ஹோட்டல்" பலகை, சுழலும் ரம்பங்கள், தானாகச் சுடும் துப்பாக்கிகள், மேல் கீழாகப் புரளும் அறைகள் என்று யந்திரங்களாக வருகின்றன. புதிர்கள் கடினமாகின்றன, மூளைக்கு வேலை. ஆனால் காட்டில் இருந்த அந்த நெஞ்சுப் படபடப்பு குறைகிறது. சிலந்தி போன பிறகு நமக்கு ஓர் ஆள் குறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதை அவர்கள் எதிரே ஆட வேண்டாம். ஒரு சிறுவன் சாவதைக் கூசாமல் காட்டுகிறார்கள். பெரியவர்களிலும் பார்க்கச் சகிக்காதவர்களுக்கு ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: அந்தக் கோரக் காட்சி வராமல், சாகும் நேரத்தில் திரை இருண்டுவிடும்படி மாற்றிக்கொள்ளலாம்.

கண்டானா, இல்லையா?

சிறுவன் சகோதரியைக் கண்டானா? அதை இங்கே சொன்னால் ஆடப் போகிறவர்கள் என் மீது கோபப்படுவார்கள். முடிவு சில விநாடிகள்தான். அதைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. சிறுவன் முன்பே இறந்தவன் என்கிறது ஒரு கட்சி. இறந்தது அவள்தான் என்கிறது இன்னொரு கட்சி. இருவரும் இறந்தவர்களே என்கிறவர்களும் உண்டு. பிளேடெட் கம்பெனியார் வேண்டுமென்றே விளக்கம் தரவில்லை.

எல்லாம் முடிந்து, பெயர்ப் பட்டியல் ஓடி, விளையாட்டின் முகப்புத் திரை திரும்ப வருகிறது. அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். கடைசியாகப் பார்த்த அதே இடம் அங்கே தெரியும். ஆட்கள் இல்லை. மரம் இருக்கிறது, ஏணி இருக்கிறது. தரையில் இரண்டு இடங்களில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருக்கின்றன.