அப்டேட் போட்டதும் போனில் இருந்த இடம் எங்கே போனது?

மார்கழித் திருவாதிரை இரவில் திருவாலங்காட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். ரத்தின சபை நடராசருக்கு அபிஷேகம் முடிந்து சுவாமி புறப்படும்போது தலைகளுக்கு மேலே கைகளும், ஒவ்வொரு கையிலும் ஒரு போனுமாக இருக்கும். அதில் ஒன்றிரண்டு போன்கள் சரியாக அந்த நேரம் பார்த்து "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று கைவிரிக்கும். "நேத்துதான் அப்டேட் போட்டேன், இருந்த இடத்தையெல்லாம் தின்னுடுச்சு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் புலம்பியபடியே போன்காரர் பழைய படங்களைக் கண்டபடி அழிக்கத் தொடங்குவார். அந்த அவசரத்தில் அழிவது பெரும்பாலும் அழிக்கவே கூடாத படமாக இருக்கும்.

அப்டேட் மேல் போடும் பழியில் பாதிதான் நியாயம். அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் சில நூறு எம்.பி.தான் இருக்கும். ஆண்ட்ராய்டின் பதிப்பே மாறும்போது வருவது இரண்டு, மூன்று ஜி.பி. வரை போகும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் பல போன்களில் ஒரு புது ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு பின்னால் தயாராகிவிடும். அதுவரை அதன் மாற்றங்களை வைக்க, உங்கள் படங்களும் பாட்டுகளும் இருக்கும் அதே பகுதியில் தற்காலிகமாக இடம் எடுத்துக்கொள்ளும். போனை அணைத்துப் போட்ட பிறகு பழையதும் புதியதும் ஒன்றாகச் சேரும். சேர்ந்து முடிந்ததும் எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். புதிய பதிப்பில் ஏதாவது கோளாறு என்றால் பழையதுக்கே திரும்ப வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு.

ஆகவே அப்டேட் போட்ட அன்றைக்கே எதையும் அழிக்க வேண்டாம். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரவு சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள். ஆப்களைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி போன் மறுபடி தயார்செய்யும் வேலை, அது சும்மா கிடக்கும் நேரத்தில்தான் நடக்கும். முதல் நாள் போன் சூடாவதும் மெதுவாவதும் பெரும்பாலும் இதனால்தான். மறுநாள் செட்டிங்ஸில் "சேமிப்பகம்" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். சில போன்களில் இது "டிவைஸ் கேர்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே தெரிவதுதான் உண்மைக் கணக்கு.

அந்தக் கணக்கில் "சிஸ்டம்" என்ற வரியைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். 64 ஜி.பி. என்று காசு கொடுத்து வாங்கிய போனில் பதினைந்து ஜி.பி.யைச் சிஸ்டமே எடுத்திருப்பது சாதாரணம். அதில் நீங்கள் கை வைக்க முடியாது. ஆண்ட்ராய்டு போன்களில் சிஸ்டத்துக்கென்று தொழிற்சாலையிலேயே தனிப் பகுதி ஒதுக்கிவிடுகிறார்கள்; புதிய பதிப்பு பெரும்பாலும் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்தால் பழைய பதிப்பு வந்துவிடும், இடமும் வந்துவிடும் என்று கடைக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. பழைய பதிப்பு வராது. புதிய சிஸ்டம் அப்படியே இருக்கும், உங்கள் படங்கள்தான் போகும்.

உங்கள் பங்கிலிருந்து நிஜமாகவே இடம் எடுப்பது வேறொன்று. போனோடு வந்த யூடியூப், குரோம், மேப்ஸ் போன்ற ஆப்களின் முதல் பிரதி சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. அவை புதுப்பிக்கப்படும்போது பழைய பிரதி அங்கேயே கிடக்க, புதிய பிரதி முழுசாக உங்கள் பகுதியில் வந்து உட்கார்கிறது. ஒரே ஆப், இரண்டு பிரதி! நீங்கள் தொடவே தொடாத ஆப் என்றால் அதன் பக்கத்துக்குப் போய், "அப்டேட்களை நீக்கு" என்பதை அழுத்தி, பிறகு "முடக்கு" என்று கொடுத்துவிடலாம். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் அப்டேட்டோடு கேட்காத விளையாட்டுகளும் கடை ஆப்களும் கூடவே இறங்கிவிடும். அவற்றைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமாக. செட்டிங்ஸில் "ஜெனரல்", அதற்குள் "ஐபோன் ஸ்டோரேஜ்" என்று போனால், இறங்கியும் நிறுவப்படாமல் கிடக்கும் அப்டேட் அந்தப் பட்டியலிலேயே தெரியும், அதை அழிக்கலாம். பயன்படுத்தாத ஆப்பை மட்டும் நீக்கி அதன் தரவை வைத்துக்கொள்ளும் "ஆஃப்லோட்" வசதி 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் பிளே ஸ்டோர் 2023 முதல் இதே மாதிரி "ஆர்க்கைவ்" என்று ஒன்றைத் தருகிறது.

இனி மீதிப் பாதி. அப்டேட் வருவதற்கு முன்பே போன் நிரம்பித்தான் இருந்தது. அப்டேட் வந்து கணக்கைக் கேட்டது, அவ்வளவுதான்.

இந்தியப் போன்கள் ஏன் இப்படி நிரம்புகின்றன என்று கூகுளே மண்டையைப் பிய்த்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை எழுதியது. காரணம் என்று கூகுள் கண்டுபிடித்தது "குட் மார்னிங்" படங்கள்! பூ, சூரியன், சாமி, குழந்தை என்று விடிந்ததும் கோடிக்கணக்கில் பறக்கும் படங்கள். இந்தியாவில் மூன்றில் ஒரு ஸ்மார்ட்போன்காரருக்குத் தினமும் இடம் போதாமல் போகிறது, அமெரிக்காவில் இது பத்தில் ஒருவருக்குத்தான் என்று ஒரு கணக்கையும் அந்தச் செய்தி சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் "ஃபைல்ஸ் கோ" என்ற ஆப்பை கூகுள் வெளியிட்டிருந்தது. இந்த வாழ்த்துப் படங்களைத் தேடிப் பிடித்து ஒன்றாகக் காட்டுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இப்போது அதன் பெயர் "ஃபைல்ஸ் பை கூகுள்".

திருவாலங்காட்டை ஒட்டிய எங்கள் திருத்தணி வட்டாரத்தில் இந்தப் படங்களின் வரவு இரட்டிப்பு. 1960 வரை ஆந்திராவில் இருந்த பகுதி இது. ஒரே வீட்டில் தமிழ் சொந்தங்களின் குரூப் ஒன்று, நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு சொந்தங்களின் குரூப் ஒன்று என்று இருக்கும். ஆடிக் கிருத்திகை வந்தால் முருகன் படம் இரண்டு மொழியிலும் வரும். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த படமெல்லாம் போனிலேயே தங்கிவிடுவதுதான் பிரச்சினை.

ஆகவே சுத்தம் செய்வதை வாட்ஸ்அப்பில் தொடங்குங்கள். அதன் செட்டிங்ஸில் "சேமிப்பகமும் தரவும்", அதற்குள் "சேமிப்பகத்தை நிர்வகி". திறந்ததும் இரண்டு பெட்டிகள் தெரியும். ஒன்று "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டவை", மற்றது "5 எம்.பி.க்கு மேற்பட்டவை". முதல் பெட்டியில் இருப்பதை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். ஊரெல்லாம் சுற்றி வந்த சரக்கு அது. இரண்டாவதில் கவனம் வேண்டும். பேரன் நடந்த வீடியோவும் அங்கேதான் இருக்கும். அதன் கீழே எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற வரிசை வரும். முதலிடம் பெரும்பாலும் நீங்கள் வாய் திறந்தே பேசாத ஒரு குரூப்புக்குத்தான்.

அழித்தால் மட்டும் போதாது, வாசலை அடைக்க வேண்டும். அதே பக்கத்தில் "மீடியா தானாகப் பதிவிறக்கம்" என்பதில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவை எடுத்துவிடுங்கள். "கேலரியில் காட்டாதே" என்ற அமைப்பை மாற்றிவிட்டு இடம் மிச்சமாகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, படம் போனில் இருந்தபடியேதான் இருக்கும். இன்னொரு மூலையும் உண்டு. நீங்கள் அனுப்பும் படங்களுக்கும் வாட்ஸ்அப் தனிப் பிரதி எடுத்து "சென்ட்" என்ற உள்ஃபோல்டரில் வைக்கிறது. ஃபைல் மேனேஜர் வழியாகப் போய்ப் பார்த்தால் பல வருடச் சேமிப்பு அங்கே கிடக்கும்.

அடுத்தது நாமே எடுக்கும் வீடியோ. ஆப்பிள் தரும் கணக்குப்படி 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ புதிய சுருக்க முறையில் சுமார் 60 எம்.பி.; பழைய முறையில் 130. 4கே என்றால் 170இலிருந்து 350 வரை. ஆண்ட்ராய்டிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். திருத்தணியில் காவடி ஏறுவதைப் பத்து நிமிடம் 4கேயில் எடுத்தால் மூன்று ஜி.பி. போனாலும் ஆச்சரியமில்லை, அதாவது ஒரு முழு ஆண்ட்ராய்டு பதிப்பின் அளவு. போனிலேயே பார்க்கப்போகும் வீடியோவுக்கு 4கே எதற்கு? கேமரா செட்டிங்ஸில் 1080பிக்கு மாற்றிவிடுங்கள்.

எடுத்த படங்களைக் கழிக்கும்போதுதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. கூகுள் போட்டோஸில் படம் பேக்கப் ஆகியிருக்கிறது, எனவே போனில் அழித்தால் என்ன என்று அதே ஆப்பில் குப்பைத்தொட்டியை அழுத்துகிறார்கள். அப்படி அழுத்தினால் போனிலும் போகும், மேகத்திலும் (கூகுள் சர்வரிலும்) போகும். பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பையில் இருக்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். அங்கே அழுத்த வேண்டியது "இடத்தைக் காலியாக்கு" என்ற பொத்தானை. பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்த படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். அழுத்துவதற்கு முன் "பேக்கப் முடிந்தது" என்று காட்டுகிறதா, அது உங்கள் நினைவில் இருக்கும் ஜிமெயில் கணக்குதானா என்று பாருங்கள். கடைக்காரர் போட்டுக்கொடுத்த கணக்கில் பேக்கப் ஆகி, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத போன்கள் ஊரில் நிறைய உண்டு.

மேகமும் அளவில்லாத வானமில்லை. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவற்ற இலவசம் நின்றுபோனது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பையும் இப்போது அதே 15இல்தான் கழிக்கிறார்கள். அது நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆப்களின் பக்கத்தில் "கேச் அழி", "தரவை அழி" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். கேச் அழித்தால் நஷ்டமில்லை. தேவைப்பட்டால் ஆப் மறுபடி எடுத்துக்கொள்ளும். தரவை அழித்தால் லாகின் உட்பட எல்லாம் போகும், பணம் அனுப்பும் ஆப்களில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். டெலிகிராமில் படம் பார்ப்பவர்கள் அதன் செட்டிங்ஸிலேயே கேச்சைக் காலி செய்யலாம். மூலப்படம் அவர்கள் சர்வரில் இருப்பதால் பயமில்லை. ஆதார், ரேஷன் அட்டை என்று நாலைந்து பிரதியாகப் படம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு, அவற்றை இணையத்திலேயே வைத்துக் காட்ட அரசின் டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறது. திரையில் கடைசியாகத் திறந்த ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடுவதால் ஸ்டோரேஜ் ஒரு எம்.பி.கூடக் கூடாது. அது ரேம் சம்பந்தப்பட்டது.

"ஒரே தட்டில் போன் சுத்தம்" என்று விளம்பரத்தோடு வரும் கிளீனர் ஆப்களை நெருங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களின் பட்டியலில் டிக்டாக்கோடு கிளீன் மாஸ்டரும் டி.யு. கிளீனரும் இருந்தன. இந்த ஆப்கள் செய்வதாகச் சொல்லும் வேலையைப் போனே செய்யும்.

எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்? பத்தில் ஒரு பங்காவது. இதற்குக் காரணம் போனின் நினைவகச் சில்லு எழுதும் விதம். உள்ளூர் உவமை ஒன்று: 1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேட்டில் 31 ஏடுகள் இருக்கின்றன. அந்த ஏட்டில் வெட்டிய ஒரு வரியை மட்டும் மாற்றி அதன் மேலேயே வேறு வரி வெட்ட முடியாது. புது ஏட்டில் எழுதிவிட்டுப் பழையதை உருக்க வேண்டும். போனின் ஃபிளாஷ் நினைவகச் சில்லும் அப்படித்தான். எழுதிய இடத்தின் மேல் நேராக எழுதாது. மாறியதை வேறு வெற்றிடத்தில் எழுதி, பழையதைப் பிறகு கட்டை கட்டையாக அழிக்கும். வெற்றிடம் குறையக் குறைய ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் அழிக்கும் வேலை வந்து நிற்கும். நிரம்பிய போன் இழுத்துக்கொண்டு நிற்பது இதனால்தான்; அடுத்த அப்டேட்டை அது ஏற்க மறுப்பது, அதை வைக்க இடமில்லாததால்.

32 ஜி.பி. போன் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் சில மாதத் தவணைதான். அதில் மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் கேமரா படங்கள் நேராகக் கார்டுக்குப் போகும்படி மாற்றுங்கள். ஆப்களை அங்கே தள்ள முயல வேண்டாம், வேகம் போதாது. நடைபாதையில் அடிமாட்டு விலைக்கு 512 ஜி.பி. என்று விற்கும் கார்டுகளை வாங்காதீர்கள். அளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அதில் அதிகம். உண்மையான கொள்ளளவு முடிந்ததும் மேலே போடும் படங்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கார்டு போட இடமில்லாத போனுக்கு, போனிலேயே நேராகச் செருகும் ஓ.டி.ஜி. பென்டிரைவ் போதும். படங்களை "மூவ்" செய்யாமல் "காப்பி" செய்யுங்கள். பென்டிரைவைப் பிடுங்கி, வேறொரு போனில் செருகி, நாலைந்து வீடியோக்களை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனில் அழியுங்கள். கேலரியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய மறக்க வேண்டாம். பல போன்களில் அழித்த படம் 30 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை இடமும் திரும்பாது.