பழைய தார், புதிய சாலையோரம்

பொழுது புலருமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளர் பலர் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றனர். அவர்களுக்குச் சாலையின் நடுவிலுள்ள குழியைக் காட்டிலும் ஓரத்திலுள்ள பள்ளமே பெரும் பகை. தாருக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடை உயர வேறுபாடு இருந்தால் போதும். மீண்டும் மேலேற முயலும் சக்கரம் விளிம்பில் உரசி, வண்டி கவிழ்ந்துவிடக் கூடும்.

இப்பள்ளம் எவ்வாறு உண்டாகிறது? தஞ்சோங் மாலிம் வழியாகச் செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையை எடுத்துக்கொள்வோம். 1994இல் நிறைவுற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அமைவதற்கு முன், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இதுவே பெருவழி. இத்தகைய சாலையில் மண்ணோரமே தாருக்குப் பக்கபலம். மழைநீர் அதனை அரித்தாலும், பாரவண்டிகள் ஒதுங்கி அழுத்தினாலும், விளிம்பு தாங்குவாரின்றி உடைகிறது. உடைந்த வழியே நீர் அடித்தளத்தினுள் புகுகிறது.

இதற்கு மருந்து சாலையிலேயே உள்ளது. சாலையைப் புதுப்பிக்கும்போது சுரண்டியெடுக்கப்படும் பழைய தார்ச்சல்லி குப்பையன்று. அதில் உடைகல்லும் உண்டு. கல்லைப் பிணைக்கும் தாரும் எஞ்சியிருக்கிறது. நம் நாட்டு வெயிலில் அத்தார் சற்றே இளக, உருளையின் அழுத்தத்தால் கற்கள் நெருங்கி இறுகுகின்றன. வெறும் மண்ணைவிட அது மழைக்கு ஈடுகொடுக்கும். புதுக் கல்லுக்காகக் குன்றுகளை உடைக்கும் தேவையும் குறையும்.

செய்முறை எளிது, ஆயினும் ஒழுங்கு வேண்டும். முதலில் புல்லையும் சேற்றையும் அகற்றி, அடிமண்ணைக் கிளறவேண்டும். பின்னர்ச் சல்லியை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, சிறிது நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்கவேண்டும். இறுக்காமல் குவித்துவிட்டால் முதல் மழையே அதனை வாரிச் சென்றுவிடும். மேற்பரப்பு தாரின் மட்டத்தில் தொடங்கி, 1 மீட்டருக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வீதம் வெளிப்புறமாகச் சரியவேண்டும். சாலையோர வாய்க்கால் அடைபட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீணே.

சாலைக்கும் நமக்கும் மற்றோர் உறவும் உண்டு. கோப்பையில் உறையும் கட்டிப்பாலைத் தாருடன் கலந்து சாலை அமைக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணி இலாகாவும் செயற்படுத்தியுள்ளன.

கூட்டரசுச் சாலைக்குப் பொதுப்பணி இலாகாவும், தோட்டச் சாலைக்குத் தோட்ட நிர்வாகமும் பொறுப்பு. பள்ளம் கண்டால் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்து உரியவர்க்குத் தெரிவியுங்கள். அது சீராகும் வரை ஒன்றை மறவாதீர்கள்: சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டால் பதறித் திருப்பாதீர்கள். வேகத்தைத் தணித்து, விளிம்பு தாழ்ந்துள்ள இடம் பார்த்து ஏறுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மரங்கள் காத்திருக்கும். வீட்டிலுள்ளோர் காத்திருப்பது உங்களுக்காகவே.