படைச் சின்னமும் அணியும் முறையும்

ஸ்ரீவராகத்தை அடுத்த கோட்டைப் பகுதி திருவிதாங்கூர் மன்னர்களின் தலைமையிடமாக விளங்கியது. அவர்களது அரசுச் சின்னம் சங்கு. விடுதலைக்குப்பின் அவர்களுடைய நாயர் படை இந்திய ராணுவத்துடன் இணைந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன் அதன் வழிவந்ததே.

இந்த ரெஜிமெண்டின் சின்னம், கேடயத்தின் மீது யானையும் குறுக்காக அமைந்த இரு வாள்களும் ஆகும். யானை, 1803ஆம் ஆண்டு அசாயேப் போரை நினைவூட்டுவது. அன்று வென்றது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. கம்பெனி மறைந்த பின்னரும், அதில் போரிட்ட சென்னை மாகாண வீரர்களின் நினைவாக யானை நிலைத்துள்ளது.

சின்னம் தொப்பியில் இடக்கண்ணுக்கு மேலாக அமையும். உயர் பதவியில் பிரிவுப் பற்றினும் ராணுவம் முழுமைக்குமான பொறுப்பே முதன்மை பெறுகிறது. எனவே 2023 ஆகஸ்டு 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்டோரும் பொதுச் சீருடையே அணிகின்றனர்.

படைவீரரல்லாதார், தம்மைப் படைவீரரெனப் பிறர் நம்பும் நோக்குடன் இத்தகைய சின்னங்களை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றமாகும். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.